முதல் டிகாஷன்

பார்படோஸ் தீவின் கிழக்குக் கரையில் ராகட் பாயின்ட் என்றொரு முனை இருக்கிறது. கடலை ஒட்டிச் செங்குத்தாக எழும் பாறை, அதன்மேல் ஒரு கோபுரம், கோபுரத்து உச்சியில் காற்றை உறிஞ்சும் பம்பு. பம்பின் வாயில் ஏ4 தாளைவிடக் கொஞ்சம் சிறிய வெள்ளை வடிதாள். கடல் பக்கமிருந்து காற்று வீசும்போது மட்டும் பம்பு ஓடும். தீவின் பக்கமிருந்து வீசத் தொடங்கினால் தானாக நின்றுவிடும். உள்ளூர்க் கார்களும் அடுப்புகளும் விடும் புகை கணக்கில் சேரக் கூடாது.

கோடையில் அந்த வடிதாளைக் கழற்றினால் வெள்ளை வேட்டியில் செம்மண் பட்டதுபோல் இருக்கும். நாலாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், சஹாராவில் கிளம்பிய புழுதி அது. அட்லாண்டிக்கைத் தாண்ட ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். ஜோசப் பிராஸ்பெரோ என்ற ஆய்வாளர் 1965இல் இந்தத் தீவில் தூசி பிடிக்க ஆரம்பித்தார். அந்த வேலை தலைமுறை தாண்டி இன்றும் நடக்கிறது.

தூசியை நிறுப்பது எளிது. தாளை உலையில் எரித்து மிஞ்சும் சாம்பலை நிறுத்தால் போதும். அதில் எவ்வளவு இரும்பு என்பதும் பெரிய புதிரில்லை. நூறு கிராம் பாலைத் தூசியில் மூன்றரை, நான்கு கிராம் இரும்பு இருக்கும். பூமியின் மேலோட்டில் இருக்கும் விகிதம்தான் அது. வம்பு அடுத்த கேள்வியில் ஆரம்பிக்கிறது. இந்தத் தூசி கடலில் விழுந்தால், அந்த இரும்பில் எவ்வளவு தண்ணீரோடு சேரும்?

இந்தக் கேள்வியின் விடைக்குக் காத்திருப்பவை கடலின் நுண்பாசிகள். அவற்றுக்கு வேரில்லை, பல்லில்லை. பெரும்பாலும் தண்ணீரில் கரைந்து வந்ததைத்தான் அவற்றால் உறிஞ்ச முடியும். அலாஸ்காவுக்குத் தெற்கிலும் அண்டார்க்டிகாவைச் சுற்றியும் நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் தாராளமாக இருந்தும் பாசி செழிக்காத பெரும் பரப்புகள் உண்டு. இரும்புப் பஞ்சம்தான் காரணம் என்று கலிபோர்னியாவின் கடலாய்வாளர் ஜான் மார்ட்டின் 1988இல் எழுதினார். அதே ஆண்டு உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் பேசும்போது, பாதிக் கப்பல் இரும்பு கொடுத்தால் ஒரு பனியுகத்தையே கொண்டுவந்து தருவதாக வேடிக்கைக் குரலில் சவால்விட்டார். கேட்டவர்கள் சிரித்தார்கள். 1993 ஜூனில் மார்ட்டின் இறந்தார். அக்டோபரில் அவருடைய சகாக்கள் கலாபகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் சுமார் 450 கிலோ இரும்பைக் கடலில் விட்டார்கள். நுண்பாசி பெருகியது.

இந்தக் கதையில் பலரும் தாண்டிப் போகிற ஒரு விஷயம் உண்டு. அவர்கள் விட்டது முன்கூட்டியே கரைத்துவைத்த இரும்பு சல்பேட். காற்று கொண்டுவந்து கொட்டும் பாலைத் தூசியிலோ இரும்பு பெரும்பாலும் துருவாகவும், களிமண்ணின் படிகக் கட்டுக்குள் சிறைப்பட்டும் இருக்கிறது. வடிதாளில் இருக்கும் மொத்த இரும்பு, பாசியைப் பொறுத்தவரை ஏட்டுச் சுரைக்காய். கறிக்கு உதவுவது கரைகிற பகுதி மட்டும்.

அந்தப் பகுதி எவ்வளவு சிறிதானாலும் கடலுக்குப் பெரிது. வெளிக்கடலின் மேற்பரப்பில் ஒரு லிட்டர் நீரில் இருக்கும் கரைந்த இரும்பு பல இடங்களில் பத்து நானோகிராம் அளவுதான். ஒரு கிராமை நூறு கோடிப் பங்கு போட்டு அதில் பத்துப் பங்கு. ஒலிம்பிக் நீச்சல்குளம் நிறைய அந்த நீரை நிரப்பினாலும் மொத்த இரும்பு ஒரு குண்டூசியின் எடைக்குத் தேறாது.

*

பித்தளை ஃபில்டரில் காபி போடுகிறவர்களுக்கு இந்த அளவையின் அடிப்படைச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. அதே பொடி, அதே அளவு. கொதிநீரை ஊற்றி மெல்ல இறங்கவிட்டால் ஒரு டிகாஷன். ஆறின தண்ணீரை ஊற்றினால் வேறு. அதே பொடியில் இரண்டாம் முறை ஊற்றினால் அது வந்த விருந்தாளிக்குக் கொடுக்கத் தகாது. பொடியைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பு முழுக்க இறங்கிவிடும். இந்தப் பொடியில் எவ்வளவு டிகாஷன் இருக்கிறது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. எப்படிப் போட்டாய் என்றுதான் கேட்போம். தூசி விஷயத்தில் ஆய்வாளர்கள் வெகுகாலம் முதல் கேள்வியைக் கேட்டார்கள். ‘காற்றுத்துகளில் உள்ள இரும்பின் கரைதிறன்’ என்று தேடினால் 0.01 சதவீதத்திலிருந்து 80 சதவீதம்வரை எண்கள் கிடைக்கும். அந்தப் பரப்பில் பாதி தூசியின் குணம், மீதி காபி போட்ட விதம்.

கடலாய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் ஒரு முறை, சொல்லப்போனால், ஃபில்டர் காபியேதான். வடிகட்டிய சுத்தக் காற்று இடைவிடாமல் வீசும் ஒரு கூண்டுக்குள் மேசை. உலோகக் கத்தரிக்கோலுக்கு அங்கே அனுமதி இல்லை. பீங்கான் கத்தி, பிளாஸ்டிக் இடுக்கி. தூசி படிந்த தாளிலிருந்து நாணயத்தைவிடப் பெரிதாக, 47 மில்லிமீட்டர் விட்டத்தில், ஒரு வட்டம் வெட்டுவார்கள். அதற்கு அடியில் ஒரு சவ்வு: 0.2 மைக்ரான் துளைகள் கொண்டது. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அந்தத் துளை எவ்வளவு சன்னம் என்பது தெரியும். மேலே 100 மில்லி தண்ணீர் ஊற்றுவார்கள். சாதாரணக் காய்ச்சி வடித்த நீர் இல்லை, ஆய்வகங்களில் மில்லி-க்யூ தண்ணீர் என்பார்களே, உப்பெல்லாம் உருவப்பட்ட நீர். கீழிருந்து வெற்றிடம் இழுக்கும். சில நொடிகளில் தண்ணீர் தூசியைத் தொட்டுவிட்டுக் கீழே குப்பிக்குள் போய்விடும். முதல் டிகாஷன் ரெடி.

இரும்பை அளக்கிறவர்களுக்கு உலகமே எதிரி. கதவுக் கீல், கப்பல் பெயின்ட், குழாய் முனை, சட்டைப் பொத்தான் எல்லாமே இரும்பு கொட்டும். கடல்நீரில் இரும்பு என்று பல ஆண்டுகள் அளந்ததில் பெரும்பகுதி கப்பலின் இரும்புதான் என்பது 1970களுக்குப் பிறகுதான் தெளிவானது. அதனால் தூசி படாத வெறும் தாள் ஒன்றையும் கோபுரம்வரை தூக்கிக்கொண்டு போவார்கள். பம்பில் பொருத்துவார்கள், பம்பை ஓட்டாமலே கழற்றுவார்கள், திரும்பக் கொண்டுவந்து அதே தண்ணீரில் கழுவுவார்கள். அந்தக் கழுவுநீரில் தெரியும் இரும்பு, தாளும் கையும் கொடுத்த இரும்பு. அதைக் கழித்த பிறகுதான் பாலைவனத்தின் பங்கு. ஆய்வகத்தில் இதற்குப் பெயர் பிளாங்க். வேலைகளிலேயே அலுப்பான வேலை இது. ஆனால் ஒரு கட்டுரையை நம்பலாமா என்று பார்க்க நான் முதலில் தேடுவது இந்த பிளாங்க் எண்ணைத்தான்.

ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். பம்பு நிமிடத்துக்கு ஒரு கனமீட்டர் காற்றை இழுத்தால் ஒரு நாளைக்கு 1,440 கனமீட்டர். தூசி மிகுந்த நாளில் கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று வைத்தால் தாளில் 72 மில்லிகிராம் தூசி. அதில் இரும்பு இரண்டரை மில்லிகிராம். நூறில் ஒரு பங்கு கரைந்தால் 25 மைக்ரோகிராம். நாம் வெட்டிய வட்டம் தாளில் சுமார் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஆக, குப்பிக்குள் வந்து சேர்ந்தது ஒரே ஒரு மைக்ரோகிராம். ஒரு சட்டைப் பொத்தான் சிந்தினாலே இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும்.

இந்த ஒரு மைக்ரோகிராமை அளக்கும் கருவியிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஆர்கான் வாயுவை, சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடாக, ஒரு சுடராக எரியவிட்டு, அதில் நீரைத் தூவி, பிரிந்துவரும் அணுக்களை எடைவாரியாக எண்ணும் கருவி அது. ஐ.சி.பி.-எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இரும்பின் முக்கிய அணு எடை 56. ஆர்கான் 40, தண்ணீரிலிருந்து வரும் ஆக்சிஜன் 16. இரண்டும் ஒட்டிக்கொண்டால்? 56. இரும்பே இல்லாத தண்ணீரிலும் கருவி இரும்பு, இரும்பு என்று கத்தும். வழியில் ஹீலியம் அல்லது ஹைட்ரஜன் நிரம்பிய ஒரு அறையை வைத்து, இந்த ஒட்டுப்போட்ட ஜோடியை மறித்தோ உடைத்தோ விட்டுத்தான் மிச்சத்தை எண்ண வேண்டியிருக்கிறது.

இனி ‘கரைந்தது’ என்ற சொல். உப்பு கரைந்தது என்றால் நமக்குப் புரிகிறது. இங்கே கரைந்தது என்பதற்கு ஒரே பொருள்தான்: அந்தச் சவ்வின் துளை வழியே கீழே போனது. 0.2 மைக்ரானைவிடச் சிறிய துருத்துணுக்கு ஒன்று கரையாமலே நழுவிப் போனாலும் அது ‘கரைந்த இரும்பு’ கணக்கில்தான் வரும். சிலர் 0.45 மைக்ரான் சவ்வு பயன்படுத்துகிறார்கள், சிலர் 0.02. மூன்று சல்லடை, மூன்று விடை. தெளிந்த நீரெல்லாம் கரைசல் இல்லை என்பது கிணற்றுத் தண்ணீரை வெள்ளைத்துணியில் வடித்துக் குடித்த தலைமுறைக்குத் தெரிந்ததுதான்.

*

இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்து இரவு அப்படியே விட்டுவிட்டால் காலையில் குழம்பு கறுத்திருக்கும். நாக்கில் இரும்பு ருசி தட்டும். வெறும் தண்ணீரை ஊற்றிவைத்தால் சட்டி அந்த அளவுக்கு இறங்காது. புளிப்புதான் காரணம். வேதியியலில் புளிப்பை பி.எச். என்ற எண்ணால் சொல்கிறோம். எண் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடும். இரும்பு கரைவதை இந்த எண் ஆட்டிவைப்பதுபோல் வேறெதுவும் ஆட்டுவதில்லை.

மில்லி-க்யூ தண்ணீருக்கு இந்த விஷயத்தில் சொந்தப் பிடிவாதம் கிடையாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டு ஐந்தரை வாக்கில் நிற்கும். யார் வந்து தொட்டாலும் அவர் பக்கம் சாய்ந்துவிடும். சஹாரா தூசியில் சுண்ணாம்பு உண்டு. அது தண்ணீரின் புளிப்பைக் கொன்றுவிடும். ஆலைப்புகையும் கப்பல்புகையும் பட்ட துகளில் கந்தக அமிலம் பூசியிருக்கும். அது தண்ணீரைப் புளிக்கவைக்கும். ஆக இந்த முறையில் எந்தத் தண்ணீரில் கரைவது என்பதைத் துகளே முடிவு செய்துகொள்கிறது. கடல்நீர் அப்படியில்லை. 8.1 என்ற தன் இடத்திலிருந்து எளிதில் அசையாது.

அப்படியானால் கடல்நீரிலேயே கரைத்துப் பார்த்தால் என்ன? பார்க்கிறார்கள். ஆனால் ஒரு கடலின் நீர் இன்னொரு கடலின் நீரில்லை. கரைந்த இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும் கரிமப் பொருள்கள் இடத்துக்கு இடம் மாறும். அவை போதாத நீரில் கரைந்த இரும்பு மறுபடியும் துருவாகிச் சவ்விலேயே தங்கிவிடும். உப்பு வேறு கருவியின் தொண்டையை அடைக்கும். இதனால் சலித்தவர்கள் புளிப்பைக் கட்டிப்போட்டார்கள்: 4.7 பி.எச்.சில் நிற்கும் அம்மோனியம் அசிடேட் கரைசலில் ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைப்பது ஒரு வழி. 2008இல் வெளியான இன்னொரு வழி இன்னும் கடுமை: 25 சதவீத அசிட்டிக் அமிலம், கூடவே துருவை இளக்கும் ஹைட்ராக்சிலமீன், பத்து நிமிடம் 95 டிகிரிச் சூடு. தூசியைப் பாசியோடு சேர்த்து விழுங்கும் சிறு கடலுயிர்களின் குடலைப் போலிருக்கட்டும் என்பது அதன் நியாயம். காபிப்பொடியைக் கொதிக்கவைப்பது இதுதான். ஒரே தாளின் இரண்டு துண்டுகளில் மில்லி-க்யூ ஒரு எண் சொல்லும், இது அதைப் பலமடங்கு தாண்டிச் சொல்லும்.

எது சரி என்று கேட்கத் தோன்றும். எனக்கு மில்லி-க்யூ முறைமேல் ஒரு சாய்வு உண்டு, காரணம் மழை. தூசியில் பெரும்பங்கு மழையோடு சேர்ந்துதான் கடலில் இறங்குகிறது. மழைத்துளியும் பிடிவாதமில்லாத தண்ணீர்தான். ஆனால் அந்தத் துளிக்கு முன்பே துகள் பலமுறை மேகத்துக்குள் போய் நனைந்து, வெளியே வந்து காய்ந்திருக்கும். காயும்போது அதைச் சுற்றி மிஞ்சும் மெல்லிய ஈரத்தில் அமிலம் செறிந்து பி.எச். 2 வரைக்கும், இன்னும் கீழேயும் இறங்கும். இப்படி நனைந்து காய்ந்து வந்த தூசி, கிளம்பிய இடத்து மண்ணைவிட எளிதாக இரும்பை விடுகிறது. சஹாராவில் மண்ணை அள்ளிக் கரைத்துப் பார்ப்பதும் பார்படோஸில் பிடித்துக் கரைத்துப் பார்ப்பதும் ஒன்றாகாது.

புகையின் கதை தனி. 2009இல் ஓர் அமெரிக்கக் குழு மூன்று வகை இரும்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கரைத்தது. வறண்ட நிலத்து மண்ணில் கரைந்தது 1 சதவீதத்துக்கும் குறைவு. பனியாறு அரைத்த பாறைமாவில் 2 முதல் 3 சதவீதம். எண்ணெய் எரித்த சாம்பலில் 77 முதல் 81 சதவீதம். எண்ணெய்ச் சாம்பலில் இரும்பு துருவாக இல்லை, சல்பேட் உப்பாக இருக்கிறது. மார்ட்டினின் சகாக்கள் கடலில் விட்டதற்கு நெருங்கிய உறவு. எட் ஷோல்கோவிட்ஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும், உலகக் கடல்களின்மேல் பலர் பிடித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை 2012இல் ஒரே வரைபடத்தில் போட்டபோது ஒரு வளைவு தெரிந்தது: காற்றில் இரும்பு மிகுந்த நாளில் கரைதிறன் குறைவு, இரும்பு சொற்பமான நாளில் அதிகம். தூசி வரும்போது அதுவே எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. தூசி இல்லாத நாளில் புகை கண்ணுக்குத் தெரிகிறது.

நம் இரண்டு கடல்களிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் கப்பலில் போய்ப் பிடித்த மாதிரிகளில், அரேபியப் பாலைகளின் தூசி விழும் அரபிக் கடல்மேல் இரும்பின் கரைதிறன் அரை சதவீதத்தைத் தொடவில்லை. கங்கைச் சமவெளியின் புகை இறங்கும் வங்கக் கடல்மேல் அது சில சதவீதத்திலிருந்து இருபதைத் தாண்டியும் போனது. கன்னியாகுமரிக்கு இருபுறமும் உள்ள காற்றுக்கு இவ்வளவு வித்தியாசம்.

இரும்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், மற்றவையும் உண்டு. துத்தநாகமும் காட்மியமும் தண்ணீரைக் கண்டதும் இறங்கிவிடும். டைட்டானியம் அசையாது. செம்பு பாசிக்கு ஓரளவுக்கு மேல் விஷம் என்பதால், கரைந்த செம்பை அளப்பது உரத்தை அளப்பது இல்லை, நஞ்சை அளப்பது.

2008 செப்டம்பரில் மியாமியில் ஒரு கூரையின்மேல் பம்புகளை வரிசையாக நிறுத்தி, ஒரே காற்றை ஒரே நேரத்தில் பிடித்தார்கள். ஜியோட்ரேசஸ் என்ற பன்னாட்டுக் கடல்வேதியியல் திட்டம் நடத்திய ஒத்திசைவுச் சோதனை அது. தாள்களைப் பல நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பி, அவரவர் வழியில் அளக்கச் சொன்னார்கள். மொத்த உலோகத்தில் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். கரைந்த உலோகத்தில் சிதறினார்கள். இதைத் தோல்வி என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை; ஒரே பொடியில் பத்து வீட்டு டிகாஷன் பத்து விதமாக இருந்தது என்பதை முதல்முறையாக ஒழுங்காகப் பதிவு செய்தார்கள், அவ்வளவுதான். இந்தச் சிதறலைக் குறைக்கவே இப்போது ஒரு பன்னாட்டுப் பணிக்குழு இயங்குகிறது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்தால் ‘துருப்பிடித்தது’ என்று பொருள் வரும். விஞ்ஞானிகளுக்கு நகைச்சுவை வராது என்று யார் சொன்னது?

*

கடலை விட்டு ஒரு பள்ளத்தாக்குக்குப் போவோம். அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஜெனீவா எஃகு ஆலை என்ற பழைய ஆலை ஒன்று இருந்தது. மலைகள் சூழ்ந்த இடம். குளிர்காலத்தில் புகை எழ வழியின்றி ஊர்மேல் படுத்துக்கொள்ளும். 1986 ஆகஸ்டில் தொழிலாளர் தகராறில் ஆலை நின்றது. 1987 செப்டம்பரில் வேறு உடைமையாளரிடம் மறுபடி ஓடியது. மிகச் சிலரே புகைபிடிக்கும் ஊர் என்பதால் வேறு காரணங்கள் குழப்ப வாய்ப்பு குறைவு. ஆர்டன் போப் என்ற பொருளாதார ஆய்வாளர் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். ஆலை ஓடிய காலத்தில் மூச்சுக்குழல் அழற்சியாலும் ஆஸ்துமாவாலும் சேர்க்கப்பட்ட சிறு குழந்தைகள், நின்ற காலத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு. 1989இல் இது வெளியானது.

ஆலை நின்றபோது காற்றில் தூசி குறைந்தது, அதனால் நோயும் குறைந்தது என்று விட்டுவிடலாம். ஆனால் கண்காணிப்பு நிலையங்களின் பழைய வடிதாள்கள் அலமாரியில் இருந்தன: ஆலை நிற்பதற்கு முன், நின்றபோது, மறுபடி ஓடியபோது என்று மூன்று காலத்தவை. எடை பார்ப்பதற்காக மட்டும் பிடித்து, எடை பார்த்து, எடுத்துவைத்தவை. பத்தாண்டு கழித்து அவற்றைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினார்கள். கரையாததை நீக்கி, வடிந்த சாற்றை மட்டும் எடுத்தார்கள். மூன்று காலத்துச் சாறுகளையும் ஒரே எடையில் எடுத்து எலிகளின் நுரையீரலுக்குள் செலுத்தினார்கள்; பிறகு, ஒப்புக்கொண்ட தன்னார்வலர்களின் நுரையீரலில், குழாய் வழியாக, ஒரு சிறு பகுதியில். ஒரு நாள் கழித்து அந்த இடத்தைக் கழுவிப் பார்த்தார்கள்.

ஆலை ஓடிய இரண்டு காலத்துச் சாறும் அழற்சியைக் கிளப்பின. ஆலை நின்ற காலத்துச் சாறு அந்த அளவுக்குக் கிளப்பவில்லை. ஒரே எடை என்பதால் தூசியின் அளவைக் குற்றம் சொல்ல முடியாது. சாறுகளில் வேறுபட்டு நின்றவற்றில் முக்கியமானவை இரும்பு, செம்பு, துத்தநாகம் போன்ற கரைந்த உலோகங்கள். நின்ற காலத்துச் சாற்றில் அவை குறைந்திருந்தன.

நுரையீரலும் ஒரு தண்ணீர்தான். அதன் உள்பூச்சு நீர் பி.எச். 7.4 வாக்கில் இருக்கும். அதைப் போலச் செய்த உப்புக் கரைசலில் இன்று பல ஆய்வகங்கள் நகரத்துத் தூசியைக் கரைத்துப் பார்க்கின்றன. பெரும்பாலும் இரும்பு கொஞ்சம்தான் கரைகிறது. ஆனால் நுரையீரலில் துப்புரவு செய்யும் செல்கள் உண்டு. உள்ளே வந்த துகளை அப்படியே விழுங்கி, தம் வயிற்றுப் பைக்குள் போட்டுச் செரிக்கப் பார்ப்பவை. அந்தப் பைக்குள் இருக்கும் புளிப்பு 4.5 வாக்கில். கடலாய்வாளர்களின் அம்மோனியம் அசிடேட் கரைசலுக்கு அது கிட்டத்தட்ட அண்டை வீடு. அதைப் போலவும் ஒரு கரைசல் செய்து, அதே தாளின் இன்னொரு துண்டை அதில் ஊறப் போடுகிறார்கள். அதில் இரும்பு பன்மடங்கு இறங்குகிறது.